தடுப்பில் சாய்த்த சணல்

நெடுஞ்சாலைக்குப் பாதுகாப்புத் திட்டம் போடுவது என் பிழைப்பு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய பிழைப்பு. சாலையைக் கடக்கப் பயப்படுகிற கூட்டத்தில் நீங்களும் உண்டு என்றால் தயங்காமல் படியுங்கள், நாமெல்லாம் ஒரே ஜாதி.

ஜாதவ்பூரில் ஒரு கை

விபத்துப் பட்டியல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எந்த வண்டியைப் பார்த்தாலும் அது எங்கே இடிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் காய் வாங்கப் போனபோது, கொல்கத்தாவில் நாங்கள் இருக்கும் ஜாதவ்பூரின் பஸ் நிறுத்தத்தில் சிவப்பு விளக்கு விழுந்த பிறகும் என் கால் நகரவில்லை. நின்ற பஸ் எப்போது புறப்படும் என்று யாருக்குத் தெரியும்?

மனைவி திருநெல்வேலிக்காரி, பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். வெங்காயக் கடைக்காரர் முன்னாலேயே சொன்னாள்: "ஊரு ஒலகத்துக்கெல்லாம் ரோடு தாண்ட வழி சொல்லுதீய, நீங்க தாண்டுததுக்கு ஒரு ஆளு வேண்டியிருக்கே!"

டயர் தடம்

கொல்கத்தாவிலிருந்து மூன்று மணி நேரம் போனால் எங்கள் சாலை. இருபுறமும் வயல், நடுவே உயர்த்திப் போட்ட மேடு. அதன் ஓரத்தில் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு, பிரேக் போட்ட டயர் தடங்களை நாடா வைத்து அளப்போம். முதுகுக்குப் பின்னால் லாரி போகும்போது சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நொடி, படித்த படிப்பு முழுவதும் மறந்துபோகும்.

எங்கள் டிரைவர் பாப்பி-தா ஒருபோதும் தடத்தைப் பார்க்கமாட்டார். (வங்காளத்தில் அண்ணன் 'தாதா', அக்கா 'தீதி'; பெயரோடு சேர்ந்தால் 'தா', 'தி'.) வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அளப்பதற்கு ஒரு கை கொடுக்கக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். தலையைத் திருப்பாமலே சொன்னார்: "தாதா, ஏற்கெனவே போட்ட தடத்த நீங்க பாருங்க. அடுத்து போடப்போறவன நான் பாத்துக்கறேன்."

மாலதி-தியின் அடுப்பு

அந்தச் சாலையில் ஒரு வளைவு. வளைவை ஒட்டி மாலதி-தியின் டீக்கடை, எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம். ஒருமுறை லாரி ஒன்று மேட்டிலிருந்து இறங்கி, கடையின் முன்கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. என் யோசனைப்படி, சோதனையாக அரை கிலோமீட்டருக்கு இருபுறமும் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். பிள்ளைகள் கடந்து போக ஓர் இடைவெளி விட்டோம். மாலதி-தியின் மகள் மாம்பி, ஆறாம் வகுப்பு, அதன் வழியாகத்தான் பள்ளிக்குப் போவாள்.

குளிர்காலத்தில் போய்ப் பார்த்தபோது மாலதி-தியிடம் எனக்கு மண்குவளையில் டீயோடு ஒரு பாராட்டும் கிடைத்தது. அதை ஊர் திரும்பும்வரை மெல்லச் சுவைத்துக்கொண்டு வந்தேன்: "முன்னெல்லாம் ரோட்டப் பாத்துக்கிட்டே டீ போடுவேன். இப்பதான் அடுப்பப் பாத்துப் போடறேன்."

சணல் காய்ந்த நாள்

சோதனை வெற்றி என்று எழுதி, சாலை முழுவதற்கும் அதே தடுப்பை வரைந்தாயிற்று. இருபத்திரண்டு ஊர்கள், இருபத்திரண்டு இடைவெளிகள். கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமே என்று மழைக்கால முடிவில் போனேன். அது சணல் அறுவடைக் காலம். ஊறவைத்து நார் உரித்த குச்சிகளைக் கட்டுக் கட்டாகத் தடுப்பின்மேல் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர்! நெல்லோ சணலோ, வெயில் விழும் இடம் சாலை ஓரம்தான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அது தெரிந்தும் என் வரைபடத்தில் தடுப்பு வெறும் இரும்பாகவே இருந்தது.

பள்ளி விடும் நேரம். சுவர் நடுவே இருந்த இடைவெளியிலிருந்து ஒரு நீலப் பாவாடை வெளியே வந்தது. வளைவில் ஒரு கார். ஓட்டுகிறவரும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்க்க வழியே இல்லை. நான் கத்தினேனா, தெரியாது. டயர் கிறீச்சிட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. கார் நின்றது. மாம்பி அதன் முன்விளக்கின்மேல் கையை ஊன்றியபடி நின்றாள். அவ்வளவு பக்கம். நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓடிவந்து மகளைத் தூக்கிய மாலதி-தி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் கைகால்களைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்: "நீங்க நல்லதுக்குத்தான் கம்பி போட்டீங்க. நாங்களும் நல்லா காயணும்னுதான் சணலச் சாச்சோம்."

கையேட்டில் இல்லாதது

மறுநாள் கொல்கத்தா திரும்பி, சால்ட் லேக் அலுவலகத்தில், இந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். எங்கள் மேலதிகாரி, ஓய்வுக்கு ஒரு வருடம் இருப்பவர், தடிமனான சாலைக் கையேட்டை என் பக்கம் தள்ளி, சணல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார். நான் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். சணல் சுவர், இடைவெளி, அதில் மாம்பியின் ஒரு செருப்பு.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டியபடி சொன்னார்: "மாத்தி எழுதுங்க. கீழ நானும் கையெழுத்து போடறேன், எனக்கும் பயமாத்தான் இருக்கு."

மாலதி-தியின் கேள்வி

புதிய திட்டத்தில் வருகிற வண்டி தெரியும்படி இடைவெளிக்கு இருபுறமும் தடுப்பைத் தள்ளி வைத்தோம், வேகத்தடை சேர்த்தோம், மேட்டுக்குக் கீழே சணல் காய மூங்கில் சட்டங்கள் வரைந்தோம். பெருமையாகப் போய்ச் சொன்னேன். மாலதி-தி ரோட்டைப் பார்த்துக்கொண்டே டீ போட்டுக்கொண்டிருந்தாள். இங்கே எப்போது என்று கேட்டாள். ஏற்கெனவே கட்டி முடித்த பகுதி அல்லவா, அதைப் பிரிக்கத் தனி அனுமதி வேண்டும், கோப்பு போயிருக்கிறது என்றேன்.

அவள் குவளையை நீட்டினாள்: "அன்னிக்கே வீடு வீடாப் போயி ரெண்டு பக்கமும் குச்சிய எடுக்க வெச்சேன், தாதா. ஆனா சனங்க மறந்துடுவாங்க, அடுத்த வருஷமும் சணல் வரும். உங்க காகிதம் அதுக்கு முன்னாடி வருமா?"

இருபது வருடம் நிற்க வேண்டிய சாலைக்குத் திட்டம் போடுகிற நான் இப்போது பந்தயம் ஓடுவது நாலு மாதத்தில் விளையும் ஒரு பயிரோடு. கோப்பு நகர்வதைவிடச் சணல் வேகமாக வளர்கிறது.