கூண்டுக்குள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்

என் தம்பிக்குக் கை நீளம் குறைவு. கூண்டுக்குள் குத்தும் உதையும் மல்யுத்தமுமாக நடக்கும் கலப்புச் சண்டையில் அது பெரிய குறை. எதிராளி எட்ட நின்றே குத்திவிடுவான். அதனால் தம்பி தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தான். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, வருகிற இரண்டு குத்தை நெற்றியில் வாங்கியபடியே உள்ளே போவான். காலைக் கட்டித் தரையில் சாய்ப்பான். முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டிவிட்டால், எதிராளி தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பதினான்கு சண்டைகளில் ஒன்பதை இப்படித்தான் வென்றான்.

எங்கள் ஊர் ஸ்டேஷன் டீக்கடைக்காரர் அவனைப் பார்த்தாலே சீண்டுவார்.

"சண்டை போட்ட சாமியே இங்க வந்துதான்யா கோவம் தணிஞ்சாரு. நீ இன்னாடான்னா இங்கருந்து ரயிலேறி சண்டைக்குப் போய்க்கினு கீற."

"சாமி கையில வேல் இருந்துச்சுணா. எனுக்கு மண்டை மட்டும்தான்."

நான் தாலுகா அலுவலக வாசலில் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறேன். படிவத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. கேட்காத ஒரு வரியைச் சேர்த்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான்கு கேள்வி வரும், மனு திரும்பிவிடும்.

தினமும் டைரி எழுதுகிற பழக்கமும் உண்டு. பயிற்சியின்போது தம்பி நினைவிழந்து விழுந்த நாட்கள் மூன்று அதில் இருக்கின்றன. மூன்றாவது முறை எழுந்து உட்கார்ந்ததும், "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டான். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பதினைந்தாவது சண்டைக்கு வந்த மருத்துவப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'போட்டியின்போது கூண்டுக்குள் நினைவிழந்தது உண்டா?' என்று ஒரு கேள்வி.

"ப்ராக்டீஸ்ல விழுந்ததையும் எழுதணுமாணா?" என்றான்.

"அத்தக் கேக்கலியே" என்றேன்.

'இல்லை' என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. படிவம் சுத்தமாக அமைந்ததில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

அந்தச் சண்டையில் எதிராளி காத்திருந்தான். தம்பி குனிந்து உள்ளே போன கணத்தில் முழங்காலைத் தூக்கினான். தம்பியை நினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஒருநாள் தெருமுனைக்குத் தயிர் வாங்கப் போனவன் அரக்கோணம் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தான். "அண்ணா, நான் எதுக்கு இங்க வந்தேன்?" மருத்துவர் மூளையின் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, இனி தலையில் ஓர் அடிகூடப் படக்கூடாது என்றார்.

போன மாதம் அடுத்த சண்டைக்கான படிவம் வந்தது, அதே கேள்வியோடு. இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். பயிற்சியில் விழுந்த மூன்று நாட்கள், முழங்கால், அரக்கோணம், மருத்துவர் சொன்னது. இடம் போதாமல் தனித்தாள் வைத்துப் பின் குத்தினேன்.

தம்பி படித்தான். "ஊர்ல கீறவன் மனுவெல்லாம் ஒழுங்கா எழுதுற. என்னுதுல மட்டும் கதை எழுதுறியா?"

"கதை இல்லடா. உன் உசுரு."

"உசுரா? இத்த வுட்டா எனுக்கு வேற இன்னா தெரியும்? உன் பக்கத்துல ஸ்டூல் போட்டு மனு எழுதட்டா?"

தாளைக் கிழித்தான். ஜெராக்ஸ் கடையில் புதுப் படிவம் எடுத்து அவனே நிரப்பினான். 'இல்லை' என்ற சொல் கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குள் சரிந்திருந்தது.

நான் ஏற்பாட்டாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஃபார்ம் கரெக்டா கீதே சார். அவரே கையெழுத்துப் போட்டுக்கிறாரு. அவர் வேணான்னா நாங்க நிறுத்திடுறோம்."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வாரமாக என்னோடு பேசுவதும் இல்லை. சண்டை வரும் ஞாயிற்றுக்கிழமை. அவன் போகும் ரயிலிலேயே நானும் போகிறேன். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.