ஒரே குரல்

"யாரும் வாயத் திறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றபடியே கையுறையை இழுத்து மாட்டினாள் கண்ணாடிக்கார அக்கா. பிறகு, தூக்கப்போகிற கண்ணாடியிலேயே பார்த்துக் கொண்டையைச் சரிசெய்தாள். "பயந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தூக்கினா அது காட்டிக் குடுத்துடும்ல!"

கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி மாட்டுவது இவள் தொழில். தம்பி, கொழுந்தன், மருமகன், இவள், ஆக நாலு பேர். ஆளைவிட உயரமான கண்ணாடியை நிறுத்தின வாக்கில் தூக்கி நடப்பார்கள். முன்முனை இவளுக்கு, குரலும் இவளுடையது மட்டும். இரண்டு பேர் குரல் கொடுத்தால் இரண்டு பக்கம் இழுபடும், கண்ணாடி பிளந்துவிடும். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டவே தயங்குகிற மனுஷி, கண்ணாடியைத் தொட்டுவிட்டால் பட்டாளத்து அதிகாரி.

போன வாரம் இவள் "போ" என்ற நேரம் பார்த்துக் காற்று அடித்தது. கண்ணாடி நொறுங்கித் தம்பியின் உள்ளங்கை கிழிந்தது. அவனுக்குப் பதில் இன்று ஒரு கூலியாள். அன்றிலிருந்து ஆளுக்கொரு எச்சரிக்கை. "பாத்து, அத்தை" என்பார் மருமகன். "கொஞ்சம் இருங்க அண்ணி" என்பார் கொழுந்தன். ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடிக் கண்ணாடி தூக்க முடியாது.

"இதுவும் உடைஞ்சா நாளையில இருந்து நான்தான் குரல் குடுப்பேன்" என்று மருமகன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"சரிங்க மாப்ள. உடைஞ்சா."

தெருவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? வயித்தக் கலக்குது. அது என் வயித்தோட இருக்கட்டும். இவங்க கைக்குப் போயிடக் கூடாது."

எதிர்க்கடைத் துணிப் பந்தல் அசைவது நிற்கும்வரை காத்திருந்தாள். போன வாரம் காத்திருக்கவில்லை. பிறகுதான் "தூக்கு" என்றாள். மூவர் முகத்தையும் பார்த்தபடி பின்னடி வைத்து நடந்தாள்.

நடுத்தெருவில் மருமகனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை, காத்து வருது!"

"திரும்பிடலாமா அண்ணி?" என்று கொழுந்தன் ஒரு காலைப் பின்னுக்கு வைத்தார். கண்ணாடி ஆடியது. கூலியாள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தான். காற்று வரவில்லை.

"நில்லு" என்றாள். நின்றார்கள். ஒருவர் கை நழுவினாலும் முதலில் மாட்டுவது இவள்தான். மூவரையும் ஒரு தடவை பார்த்தாள். பிடியை ஒவ்வொரு கையாக மாற்றினாள். இனி யார் முகத்தையும் கண்காணிக்காமல், அவர்களுக்கு முதுகைக் காட்டிக் கடைவாசலைப் பார்த்துத் திரும்பி நின்று, "போ" என்று முதல் அடியை வைத்தாள்.