அரிப்பில் பிறந்த மரியம்

முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெயர்தான். எங்கள் குடும்பத்தில் மரியாள் உண்டு, மேரி உண்டு. மரியம் என்று ஒருத்தியும் இல்லை. குடும்ப வழியை எழுதி வைக்கலாமென்று கோயிலின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் அப்பாவின் பெயரைத் தேடியபோது, அவருக்குச் சற்று முன்னால் அவள் இருந்தாள். தாய் தகப்பன் அப்பாவுக்கு உள்ளவர்களேதான். பிறந்த இடம் அரிப்பு என்ற கடற்கரை ஊர். அடக்கம் செய்யப்பட்டவர்களின் புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. தனக்கு ஒரே ஒரு அக்காதான் என்றே அப்பா சாகும்வரை சொல்லி வந்தார்.

அந்த அக்கா, என் மாமி, நறுவிலிக்குளத்தில் மகளோடு இருந்தார். பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. "உனக்கு ஆர் சொன்னது?" என்றார். பேசத் தொடங்கியதும் நிறுத்தவில்லை.

வெள்ளைக்காரன் காலம். முத்துக்குளிப்பு வேலைக்காக மாமியின் தகப்பன் குடும்பத்தோடு அரிப்பில் வந்து தங்கியிருந்தார். அவர் கடலில் நின்ற நாளில் தாய்க்கு வலி கண்டது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு வளவிலிருந்த முஸ்லிம் மருத்துவிச்சிதான் ஓடி வந்தார். பிள்ளை பிறந்தது, அழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வந்தது. எழும்ப முடியாமல் கிடந்த தாய் மருத்துவிச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலையில தண்ணி ஊத்தி நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ. சாமியாரைக் கூப்பிட நேரமில்லை."

"நான் சொன்னாச் செல்லுமா புள்ள?"

"ஆர் சொன்னாலும் செல்லும். சொல்லுங்கோ."

"புள்ளைக்காகச் சொல்றன். அல்லாஹ் அறிவான்" என்று அந்த மனுசி தண்ணீர் ஊற்றினார். தாய் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். மரியாள் என்ற பெயர் மட்டும் அவர் வாயில் மரியம் என்று வந்தது.

சில நாள் பால் குடித்துக் கிடந்துவிட்டு மரியம் போய்விட்டாள். சுவாமியார் வேறு ஊருக்குப் போயிருந்தார். கோயில் இடுகாடான சேமக்காலையில் குழி வெட்ட, அவருக்குப் பதிலாகக் கோயிலைப் பார்த்த உபதேசியார் விடவில்லை. "சோனகத்தி ஊத்தின தண்ணி ஞானஸ்நானமோ?" என்றார். தகப்பன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. துணியில் சுற்றிய பிள்ளையோடு திரும்பி நடந்தார். மருத்துவிச்சிதான் தன் வளவின் மூலையைக் காட்டினார்.

பிறகு வந்த சுவாமியார் அது செல்லும் என்றார். புத்தகத்தில் எழுதினார். பிள்ளையைச் சேமக்காலைக்கு மாற்றலாம் என்றும் சொன்னார். மாமியின் தாய் சம்மதிக்கவில்லை. "கேட்ட நேரம் தரேல்லை. இனி அவளை அசைக்க வேண்டாம், சாமி. பேரையும் மாத்தாதேங்கோ."

வீடு அதன் பிறகு பழையபடி ஆகவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் தகப்பன் இரண்டு என்பார். தாய் மூன்று என்பார். அன்றைக்கு அடுப்பு எரியாது. அப்பா வளர்ந்தது அந்த வீட்டில்தான். அவர் தகப்பனின் கணக்கையே எடுத்துக்கொண்டார்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் மாமியை அரிப்புக்குக் கூட்டிப்போனேன். மருத்துவிச்சியின் வழியில் வந்தவர்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பியிருக்கவில்லை. வேலி இல்லை, எந்த மூலை என்று சொல்ல ஆளுமில்லை. முள்மரங்களும் மணலும்தான். நான் உள்ளே நடக்கப் போனேன். மாமி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நில்லு. எங்க மிதிக்கிறமோ தெரியாது."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமணலில், அந்த வளவுக்கு வெளியே நின்றபடியே அவர் செபம் சொல்லத் தொடங்கினார்.