நாலாம் நம்பர் புட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அச்சுக்கூடத்தில் நான் கம்பாசிட்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கம், கச்சேரி நோட்டீஸ், பள்ளிக்கூடப் புத்தகம் என்று எது வந்தாலும் அடிப்போம். அச்சுக் கோக்க ஏழு பேர். ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகளுக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. அவசரமாக இருந்தால் நான் இரண்டு எழுத்தை உதட்டில் கவ்விக்கொள்வேன். பெட்டியில் தூசி சேர்ந்தால் வாயால் ஊதித் தள்ளுவேன். அதே கையால் பகோடாவும் தின்பேன்.

பக்கத்துப் பெட்டிக்காரர் அப்படியில்லை. அவரை நாங்கள் எல்லோரும் ஐயரே என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வேலை முடிந்ததும் சீயக்காய்ப் பொடி போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். தண்ணீரைத் தூக்கித்தான் குடிப்பார். ஓர் எழுத்துகூட அவர் வாய்க்குப் போய் நான் பார்த்ததில்லை. அச்சுக்கூடத்திலேயே வேகமான கையும் அவருடையதுதான்.

அந்தக் கைதான் ஒரு வருஷம் தடுமாற ஆரம்பித்தது. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பிறகு எழுத்துகள் விரலிலிருந்து நழுவின. ஒரு நாள் பார்த்தால் வலது கை மணிக்கட்டோடு தொங்குகிறது. தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை.

"இன்னா ஐயரே, கை இப்டி தொங்குது?" என்று ஃபோர்மன் கேட்டார்.

"வாதம்ங்கறார் வைத்தியர். டாக்டர் வாயுங்கறார். ரெண்டு பேர் மருந்தையும் சாப்பிட்டுண்டுதான் இருக்கேன்" என்று இடது கையால் எழுத்தைப் பொறுக்கினார் ஐயர். வேலை போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயனம் கற்பித்த அம்மா ஒருவர், தம் புத்தகத்தின் புரூஃப் பார்க்க எங்களிடம் வந்துகொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே எழுதிய ரசாயனப் புத்தகம். நாற்பது வயதிருக்கும், வெளுத்த நூல் புடவை, தோளில் துணிப்பை. ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் யோசிப்பார். நாங்கள் கோத்து முடித்த பக்கத்தைப் பிரிக்கச் சொன்னாலும் கோபம் வராதபடி சொல்லத் தெரிந்தவர்.

ஐயர் புரூஃப் தாளை நீட்டியபோது அந்த அம்மா அவர் கையைப் பார்த்தார். தாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. வாயைத் திறங்க" என்றார்.

ஐயர் திகைத்துப்போய்த் திறந்தார். அந்த அம்மா உற்றுப் பார்த்தார்.

"ஈறும் பல்லும் சேர்ற எடத்துல நீலமா ஒரு கோடு இருக்கு. வயிறு இழுத்துப் பிடிச்சு வலிக்குதா? வெளிக்குப் போறதுல கஷ்டமா?"

ஒரு பெண்பிள்ளை இத்தனை ஆண்களுக்கு நடுவில் இப்படிக் கேட்டதில் எங்களுக்குத்தான் கூச்சம். ஐயர் தலையை மட்டும் ஆட்டினார்.

"காரீயம், அதான் இந்த எழுத்துல இருக்கற ஈயம், உடம்புக்குள்ள போயிருக்கலாம். போயிருக்குன்னு சொல்லல. அளந்து பார்த்தாதான் தெரியும்" என்றவர், ஏழு பேருடைய சிறுநீரும் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வேண்டும் என்றார்.

ஃபோர்மன் பதறிவிட்டார். "இன்னாம்மா இது? இதெல்லாம் கேக்கற விசயமா?"

"உள்ள போன ஈயம் வெளிய வர்ற வழி அது. வேற எதைக் கேக்கறது? எட்டாவது புட்டி என்னோடது. ஈயத்தையே தொடாத ஆள் ஒருத்தர் வேணும் இல்லையா, ஒப்பிட்டுப் பார்க்க?"

மறுநாள் அவரே அமிலம் விட்டுக் கழுவிய ஏழு பெரிய புட்டிகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். பேர் கிடையாது, நம்பர் மட்டும். நான் மூன்று, ஐயர் நாலு.

நிறைந்த புட்டிகளைக் கல்லூரிக்குச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்குப் போட்டு மூடி, டிராமில் ஏறினேன். கண்டக்டர் வந்து, "இன்னா நைனா கூடைல, எண்ணெயா?" என்றார்.

"கஷாயம்பா."

"கஷாயம் இப்டியா நாறும்? யாருக்குக் குடுக்கப் போற, பாவம்!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

புரூஃப் கொடுக்கும் சாக்கில் நான் சோதனைச்சாலைக்கு அடிக்கடி போனேன். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே போனேன் என்று சொல்லலாம். பீங்கான் கிண்ணத்தில் சிறுநீரை ஊற்றிச் சுண்டக் காய்ச்சி, வெள்ளைச் சாம்பலாகும் வரை எரிப்பார். நாற்றம் தாங்காமல் பக்கத்து வகுப்புகள் ஜன்னலைச் சாத்தின. சாம்பலை அமிலத்தில் கரைத்து என்னென்னவோ செய்து, கடைசியில் அழுகின முட்டை மாதிரி நாறும் ஒரு வாயுவை அதற்குள் விடுவார். ஈயம் இருந்தால் பழுப்பாகும். எவ்வளவு பழுப்பு என்று தெரிய, அளவு தெரிந்த ஈயம் கலந்த கண்ணாடிக் குழாய்களைப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, கண்ணைச் சுருக்கி ஒன்றோடொன்று ஒப்பிடுவார். அந்த நேரத்தில் நான் மூச்சுவிடக்கூட யோசிப்பேன்.

எட்டாம் நம்பர் குழாய் தண்ணீர் மாதிரி தெளிந்து இருந்தது. எங்கள் ஆறு பேருடையது தண்ணீரில் டீ சிந்தினது போல லேசான நிறம். நாலாம் நம்பர் மட்டும் காப்பி டிகாக்ஷன்.

வேறு யாராக இருந்தாலும், வேலையால் வந்த வினை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் என்னைத் திருப்பிக் கேட்டார்: "எழுத்தை வாயில வைக்கறது நீங்க. தூசியை ஊதறது நீங்க. அவர் கையைக் கழுவிட்டுச் சாப்பிடறவர். எழுத்துல இருந்துதான் வருதுன்னா, உங்களுக்கில்ல அதிகமா இருக்கணும்?"

புட்டி சரியாகக் கழுவப்படவில்லையோ என்று அவருக்குத் தம் மேலேயே சந்தேகம். எட்டுப் பேருடையதையும் மறுபடி வாங்கி, முதலிலிருந்து செய்தார். அதே டிகாக்ஷன்.

முதலாளியிடம் பேசி ஐயருக்கு லீவு வாங்கிக் கொடுத்தார். "பத்து நாள் அச்சுக்கூடத்துப் பக்கமே வராதீங்க. அப்புறம் அளக்கலாம். குறைஞ்சிருந்தா வேலைதான் காரணம்."

பத்து நாள் கழித்து ஐயர் வீட்டிலிருந்து நானே புட்டியை எடுத்துப் போனேன். குறையவில்லை. முன்னைவிட அதிகமாக இருந்தது. அந்த அம்மா குழாயை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு, "அவங்க வீட்டுக்குப் போகணும். கூட வர்றீங்களா?" என்றார்.

கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில், ஐந்து குடித்தனம் இருந்த வீட்டில், பின்கட்டு இரண்டு அறை ஐயருடையது. அவர் சுருண்டு படுத்திருந்தார். மனைவிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வெளிறின முகம். குழந்தை இல்லை.

அந்த அம்மா குழாய்த் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்தார். மோரைக் கொஞ்சம் எடுத்தார். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, "இந்தப் பத்து நாளா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"வயத்து வலிக்காரருக்கு என்ன குடுக்க முடியும், சொல்லுங்கோ. மிளகு ரசம்தான். மூணு வேளையும் கரைச்சுக் குடுத்துண்டிருக்கேன். அது ஒண்ணுதான் அவருக்கு இறங்கறது."

அடுப்போரத்தில் ரசம் இருந்தது, ஈயச் சொம்பில்.

வெள்ளீயத்தில் செய்த சொம்பில் ரசம் வைத்தால் தனி ருசி என்பது மயிலாப்பூரில் தெரியாதவர் யார்? அந்த அம்மா பையிலிருந்து எங்கள் அச்சுக்கூடத்துப் புரூஃப் தாளை எடுத்து, அச்சாகாத பின்பக்கத்தைத் திருப்பினார். "இதோட விளிம்பைத் தாள்ல ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா?"

இழுத்தார். பென்சிலால் போட்ட மாதிரி சாம்பல் கோடு விழுந்தது.

"நல்ல வெள்ளீயம் இப்படிக் கோடு போடாது. இதுல காரீயம் கலந்திருக்குன்னு நினைக்கறேன். புளி பட்டாக் கரையும். ரசத்தையும் எடுத்துட்டுப் போறேன். அளந்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் கல்சட்டியில வையுங்க."

"இது எங்காத்துலேந்து சீரா வந்தது" என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கிவிட்டது. "கல்யாணமாகி நாலு வருஷமா இதுலதான் வெக்கறேன். அப்போ அவர் கைக்கு நான்தான்…"

"நீங்க இல்ல. இதை வெள்ளீயம்னு வித்தவன்." அந்த அம்மா அவ்வளவு அழுத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண் அழவில்லை. "நேக்கும் அளந்து பாருங்கோ" என்றாள். பிறகு என் காதில் விழாதபடி ஏதோ சொன்னாள். நான் முற்றத்துக்கு நகர்ந்துவிட்டேன். இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் கலைந்துபோனதைத்தான் சொன்னாள் என்று பிற்பாடு தெரிந்தது.

தண்ணீரிலும் மோரிலும் ஒன்றுமில்லை. ரசத்தை அளந்தபோது குழாய் கறுத்தே போயிற்று. மனைவியின் புட்டியும் பழுப்புத்தான், கணவருடையதைவிடக் கொஞ்சம் குறைவு. அவர் சாப்பிட்டதுபோக மிஞ்சின ரசம்தானே அவளுக்கு.

செய்தியைச் சொல்லப் போனபோது முன்கட்டு மாமி ஒருத்தி, "பாத்திரக் கடைல போட்டுட்டு வேற மாத்திக்கோடி" என்று யோசனை சொன்னாள்.

"மாத்தினா இது இன்னொருத்தர் ஆத்து அடுப்புல ஏறுமே, மாமி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சொம்பை அம்மிமேல் கவிழ்த்தாள். குழவியை இரண்டு கையாலும் தூக்கி நசுக்கினாள். அப்பளம் மாதிரி தட்டையாகும் வரை நிறுத்தவில்லை. அதை அந்த அம்மாவிடம் கொடுத்து, "உங்க பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தறப்போ காமிங்கோ" என்றாள். அந்த வாரமே வெள்ளைத் தாளும் கையுமாக ஐந்து குடித்தனத்துச் சொம்புகளையும் இழுத்துப் பார்த்தாளாம். இன்னும் ஒன்று கோடு போட்டது, யோசனை சொன்ன அந்த மாமியுடையது.

அச்சுக்கூடத்தில் முதலாளிக்கு ஏக சந்தோஷம். "அப்ப நம்ம தொழில்ல ஒரு குத்தமும் இல்ல. அப்படித்தானேம்மா?"

"நான் அப்படிச் சொல்லலியே. மத்த ஆறு பேர் குழாயும் தெளிவா இல்ல. என்னோடதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்று அந்த அம்மா எட்டையும் அவர் மேஜையிலேயே வரிசையாக நிறுத்தினார். முதலாளி பார்த்தார். அதன் பிறகு எங்களுக்குக் குழாயடியும் சோப்பும் வந்தன. எழுத்துப் பெட்டி இருக்கும் அறையில் தின்னக்கூடாது, தூசியை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். எழுத்தைக் கவ்வும் பழக்கம் மட்டும் எனக்கு உடனே போகவில்லை. ஃபோர்மன் பின்மண்டையில் தட்டித் தட்டித்தான் போயிற்று.

ஐயருக்குப் பாலும் கீரையும் கல்சட்டி ரசமுமாக ஏழெட்டு மாதம் ஆயிற்று. வயிற்று வலி முதலில் விட்டது. கை மெல்ல மெல்ல எழும்பியது. பழைய வேகம் கடைசிவரை வரவில்லை. முதலாளி அவரைப் புரூஃப் மேஜைக்கு மாற்றினார். எங்கள் பிழைகளை அவர் பிடிக்க, அவர் பிடித்ததில் இருக்கும் பிழையை நாங்கள் பிடிக்க, நாள் போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் புண்ணியாகவாசனத்துக்கு அந்த அம்மாவையும் அழைத்திருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவரிடம், "சொம்பு போச்சு, கொழந்த வந்துச்சு. இதுவும் நீங்க செஞ்சதுதாம்மா" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். "ஆனா அதை நான் அளக்கலியே" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.