வலப்பக்கக் கதிரை

என் மகளுக்கு இடக்காது கேளாது. ஏழு வயதில் கூகைக்கட்டு வந்தது. கன்னத்து வீக்கம் வற்றியபோது அந்தக் காதும் போயிருந்தது. நாரந்தனையில் எங்கள் வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. யாராவது வந்தால், வந்தவர் இருக்க என் மனைவி கதிரையை மகளின் வலப்பக்கமாக இழுத்துப் போடுவாள். அவ்வளவுக்குப் பழகியிருந்தோம்.

எண்பதுகளின் கடைசியில் அவள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் அனுப்பவேண்டும். நான் ஆங்கில ஆசிரியன். திருத்தித் தரும்படி கொண்டுவந்தாள். காதைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். வலக்காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் மேலே சுற்றும் இராணுவ ஹெலிகொப்டர் இல்லாமற் போய்விடுமாம். எழும்பிப் பார்த்தால் அங்கேயே நிற்குமாம். கேளாததை இல்லாதது என்று நம்பாதிருக்கத் தன் காதுதான் பழக்கியது என்று முடித்திருந்தாள். அப்படி ஒரு பந்தி எனக்கு எழுத வராது.

"இதை அனுப்பேலாது பிள்ளை."

"ஏனப்பா, பிழை இருக்கே?"

"பிழையில்லை. அங்கை படிக்கிற, பக்கத்து ஊர் சுருவில் பெடியன் ஒருத்தன் பின்னேரத்திலை விண்ணப்பமெல்லாம் வாற அந்தக் கல்லூரிக் கந்தோரிலைதான் வேலையாம். நாளைக்கு உனக்குக் கலியாணம் பேசேக்கை ஊர் முழுக்கக் கதை வந்திடும்."

"வரட்டும். இடப்பக்கம் நிண்டு கதைச்சினமெண்டால் எனக்குக் கேக்காதுதானே."

குசினிக்குள் அடுப்படியில் நின்ற தாய் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பதிலாக, எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் தெற்கே என் தமையனின் கடை எரிந்ததைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தேன். அது எல்லாருக்கும் நடந்தது, சொல்வதில் வெட்கமில்லை. மகள் அந்தக் கடையைக் கண்டதேயில்லை. நான் எழுதியதைப் பார்த்துத் தன் கையால் எழுதினாள். முடித்தபின் கேட்டாள்:

"அப்ப, அங்கை போயும் சொல்லக்கூடாதோ?"

"கூடாது," என்றேன்.

இடம் கிடைத்தது. போனாள். சொல்லவேயில்லை.

கலியாணம் முடிந்து கணவனோடு அங்கிருந்து கொழும்புக்கு வந்தபோது நானும் போய் அவர்களோடு கடற்கரையில் நடந்தேன். மருமகன் இடப்பக்கம் வரும்போதெல்லாம், சேலையைச் சரிசெய்வதுபோல் பின்தங்கி, அவர் தனக்கு வலப்பக்கமாக வரும்படி மாறிக்கொண்டாள். அவருக்கும் தெரியாது என்று அப்போது விளங்கியது. பாடம் ஒப்புவித்துவிட்டு ஆசிரியரைப் பார்ப்பதுபோல் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது ஹெலிகொப்டர் இல்லை. மத்தியானத்தில் ஒரு காதைத் தலையணையில் அழுத்திப் படுப்பேன். மற்றக் காதில், சொல்லக்கூடாதோ என்ற அவளுடைய அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டேயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். சில காலமாக நான் எது சொன்னாலும் ஒரே பதில்தான். சென்ற மாதம் சொல்லிவிட்டேன்.

"பிள்ளை, அந்தக் கட்டுரையை நான் மாத்தினது பிழை. அவரிட்டைக் காதைப் பற்றிச் சொல்லிப்போடு."

"ஓம் அப்பா."

"நான் சொன்னது கேட்டதே?"

"ஓம் அப்பா. நீங்கள் சாப்பிட்டாச்சே?"

சாப்பிட்டேன் என்றேன். தொலைபேசியை எந்தக் காதில் வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.