எஞ்சினை மீறின பாட்டு

நானும் நிஸாமும் மட்டும்தான் எங்கள் ரொக் இசைக்குழு. எனக்குக் கிட்டார், அவனுக்கு டிரம்ஸ். "பேஸ் கிட்டார் இல்லாமல், கீபோர்ட் இல்லாமல், இது என்ன வெறும் சத்தம்?" என்று கேட்காத ஆளே திருகோணமலையில் இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்திருந்தது.

கொழும்புப் போட்டி ஒன்றுக்கு அன்று பின்னேரத்துக்குள் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். துறைமுகப் பக்கம், நிஸாமின் வாப்பா படகு எஞ்சின் திருத்துகிற கராஜில், ஃபோனைக் கதிரையில் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினோம். அந்த நேரம் பார்த்து மூதூர்க்காரர் ஒருவர், திருத்தின எஞ்சினைத் தண்ணீர் நிரப்பின பீப்பாய்க்குள் இறக்கி ஓட்டிப் பார்த்தார். கராஜே அதிர்ந்தது.

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ நானா!" என்று அந்த அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏலாது தங்கச்சி. விடியக் கடலுக்குப் போகோணும். நடுக்கடலில இது நிண்டா ஆர் வாறது?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"நிஸாம், அடி! எஞ்சினா நாங்களா எண்டு பார்ப்பம்."

அவன் அடித்த அடியில் சுவரில் தொங்கின ஸ்பேனர்கள் ஆடின. நான் தொண்டை கிழியப் பாடினேன். விரல் எரிந்தது, விடவில்லை.

பாட்டு முடிந்ததும் ஒரே அமைதி. "இப்பவாவது நிப்பாட்டினீங்களே" என்றேன், மூச்சு வாங்க.

அவர் சிரித்தார். "நான் பாதியிலயே நிப்பாட்டிட்டன் தங்கச்சி. மிச்சம் முழுக்க உங்கட சத்தம்தான்."

அந்தப் பதிவை எதுவும் சேர்க்காமல் அப்படியே அனுப்பினோம். தெரிவாகவில்லை. ஆனால் இப்போது மேடையில் "மிச்ச ஆக்கள் எங்க?" என்று யாராவது கேட்டால், நான் விளக்கம் சொல்வதில்லை. கிட்டாரின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறேன்.