வெனிஸில் இன்னும் இருக்கிறார்

எங்கள் வீட்டில் கடைசி சில வருஷங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட ஒரு யூதப் பண்டிதர். மூன்றாவது ஆளுக்குச் சோறு பொங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். மற்றபடி சக்களத்தி வந்த மாதிரிதான் இருந்தது எனக்கு.

இவர் காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் இருக்கும் எங்கள் மகள் ஒரு தடவை வந்தபோது அந்தப் பண்டிதரின் வாழ்க்கையைச் சொல்லும் தடிமனான பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். உடனே அதைத் தமிழில் எழுத உட்கார்ந்துவிட்டார். யார் கேட்டார்கள்?

"யாருங்க இதைப் படிக்கப்போறா?" என்றால், "நீ கேக்குறியே, போதாதா?" என்பார்.

கேட்டேன், என் தலையெழுத்து. நன்றிக்குச் சொல்லும் 'மெர்சி'யைத் தாண்டி எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நான் கீரை ஆய்வேன், மீன் கழுவுவேன். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு எழுதியதை வாசிப்பார்.

"கேக்க நல்லாருக்கா?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னு இப்படிப் பேசுனீங்கன்னா கல்லால அடிப்பாங்க."

முகம் சுண்டிப்போகும். ஆனால் மாற்றி எழுதிக்கொண்டு வருவார். அப்படித்தான் அந்த மனுஷர் எனக்குப் பழக்கமானார். அரண்மனையில் பெரிய பதவியில் இருந்தவராம். மதம் மாறு, இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ என்று ராஜா சொன்னதும் குடும்பத்தோடு கப்பலேறியிருக்கிறார். இத்தாலியில் ஒதுங்கினால் அங்கேயும் படை புகுந்து வீட்டைச் சூறையாடி, சேர்த்து வைத்த புத்தகமெல்லாம் போயிற்று. அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பாவிங்க! புஸ்தகம் என்னங்க பண்ணிச்சு அவனுங்கள?"

"மனுஷன் அசரலியே. தலையில இருக்கிறத வச்சுத் திரும்ப எழுத உக்காந்துட்டாரு" என்றார் இவர், தானே உட்கார்ந்து எழுதிய மாதிரி பெருமையாக.

பழைய பேப்பர்க்காரர் வந்தால் ஒரு கிழிந்த புத்தகத்தைக்கூடப் போட விடமாட்டார். யூதர்கள் கிழிந்துபோன வேதப் புத்தகத்தை எறிய மாட்டார்களாம், மனுஷரைப் புதைப்பது போல மண்ணில் புதைப்பார்களாம். "அப்ப கொல்லையில குழி வெட்டுங்க, நம்ம அலமாரி முழுக்கக் கிழிசல்தான்" என்று கிண்டல் செய்வேன்.

கடல் காற்றின் ஈரத்தில் தாள் நெளிகிறது என்று, எழுதியதையெல்லாம் மெத்தைக்கடியில் விரித்த பாய்மேல் பரப்பி வைப்பது இவர் பழக்கம். "எங்க போவப்போவுது, என் முதுகுக்குக் கீழதான இருக்கு" என்பார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பண்டிதர் வெனிஸுக்கு வந்து சேர்ந்திருந்தார். வயதாகியும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை காபி ஆறிக்கொண்டிருந்தது. இவர் எழுந்திருக்கவில்லை.

நெரவியிலிருந்து இவருடைய தங்கை ஓடிவந்தாள். செத்தவர் படுத்த படுக்கை வீட்டில் தங்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். உடலோடு அதையும் சுடுகாட்டுக்கு அனுப்பிவிடுவோம். நான் கூடத்தில் இவர் தலைமாட்டில் கிடந்தேன். நாத்தனார்தான் பாய், மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் பால் தெளிக்கப் போனவர்கள் திரும்பிய பிறகுதான் உள்ளே போனேன். கட்டிலில் வெறும் பலகை. கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

"மெத்தைக்கடியில தாள் இருந்துச்சேம்மா?"

"தடிப்பா என்னமோ தட்டுப்பட்டுச்சு அண்ணி. அட்டை போட்டிருக்கீங்கன்னு நெனச்சு... அய்யோ, நான் என்ன பண்ணிட்டேன்!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

என் தம்பி சுடுகாட்டுக்கு ஓடினான். சிதையோடு சேர்த்து எரித்தாகிவிட்டது என்றார்களாம்.

அவளை என்ன சொல்ல? அவள் வீட்டுச் சாவில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இவருக்காக ஊரோடு சேர்ந்து அழுதேன். அந்தத் தாள்களுக்காக அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். புத்தகத்தைப் புதைக்கிறவர்களின் கதையை எழுதினார். நாங்கள் எங்கள் வழக்கப்படி எரித்துவிட்டோம்.

இப்போது நான் எழுதுகிறேன். கீரை ஆய்ந்தபோது கேட்டது, மீன் கழுவியபோது கேட்டது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. பஸ் ஸ்டாண்டில் சொன்னாலும் புரிகிற தமிழில்தான் எழுதுகிறேன். வெனிஸ் வரைக்கும் வந்தாயிற்று. பிரெஞ்சுப் புத்தகம் இவர் நிறுத்திய பக்கத்தில் மூக்குக்கண்ணாடியோடு மேஜைமேல் கிடக்கிறது.

போன வாரம் மகள் போனில் கேட்டாள். "கடைசி அத்தியாயத்த போட்டோ எடுத்து அனுப்பும்மா. அந்தப் பண்டிதரு எப்படி செத்தாருன்னு நான் படிச்சுச் சொல்றேன். எழுதி முடிச்சிரலாம்ல?"

"வேணாம்டி."

"ஏம்மா?"

"அத உங்கப்பா எனக்கு வாசிச்சுக் காட்டல."

எனக்குத் தெரிந்தவரை அந்த மனுஷர் வெனிஸில் உட்கார்ந்து இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வீட்டுக்கு ஒரு சாவு போதும்.